டோக்கன் வைத்திருந்தவரின் கடல்

சென்ற ஆண்டு வகுப்பில் நெய்தல் நிலத்தைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தேன். கடலும் கடல் சார்ந்த இடமும் அதன் பொருள். அதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை. கோலார் தங்கவயலில் பிறந்தவர்களுக்கு இது ஒரு குறையாகத் தோன்றாது. எங்கள் பக்கம் பெரிய தண்ணீர் என்றால் பேத்தமங்களா ஏரிதான். ஆனால் நெய்தலைப் பற்றி இருபது பக்கம் எழுதுகிறவளுக்கு அது குறைதான். அந்தக் குறையை நான் அப்பாவைக் கொண்டு நிரப்பினேன்.

அப்பா கடலில் நின்றவர். அப்படித்தான் எங்கள் வீட்டில் வழக்கு. தங்கச் சுரங்கம் மூடப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, நந்திதுர்க் ஷாப்டில், அந்தச் சுரங்கக் குழியில், அவருடைய ஷிப்டில் இருந்தவர்கள் ஒரு பஸ் பிடித்து மாமல்லபுரம் போய்வந்தார்கள். அப்பாவுக்கு அப்போது இருபது வயதைத் தாண்டியிருந்தது. கூட்டத்தில் அவர்தான் எல்லோரிலும் இளையவர். அந்த ஒரு நாளை அவர் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் எங்களுக்குச் சொல்லுவார். பேத்தமங்களா ஏரியைப் போலப் பத்து ஏரியைச் சேர்த்தாலும் அதன் ஓரத்துக்குக் காணாது என்பார். கோயில் மதில் மேல் கல் நந்திகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், அவற்றின் முதுகு காற்றில் தேய்ந்து வழவழவென்று ஆகியிருக்கும் என்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கடலு தள்ளும். நெஞ்சு மேல கைய வெச்சி, வெளிய போன்னு சொல்ற மாதிரி தள்ளும்" என்பார்.

இந்த வாக்கியத்தை நான் கட்டுரையில் அப்படியே எடுத்தாண்டேன். அடிக்குறிப்பில் "தந்தை, வாய்மொழி" என்று குறிப்பிட்டேன். எத்தனை முறை கேட்டாலும் அவர் சொல்லில் ஒரு சொல்லும் மாறியதில்லை என்பதால், அதை நம்பத்தகுந்த சான்றாகக் கருதினேன்.

கட்டுரை முடிந்ததும் பேராசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவர் நாகப்பட்டினத்துப் பக்கத்தவர், கடலுக்கு மிக அருகில் வளர்ந்தவர்.

"உங்கப்பா காலடி மணல் போறதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையாம்மா?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். அலை திரும்பும்போது நம் குதிகாலுக்கு அடியிலிருந்து மணலை உருவிக்கொண்டு போகும். நின்ற இடத்திலேயே இறங்குவோம். முதல்முறை கடலில் கால் வைக்கிறவர்கள் வேறு எதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை.

"ஒருவேளை மறந்திருப்பார்" என்றேன்.

"இருக்கலாம்" என்றார். மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை.

அந்த வார இறுதியில் ஊருக்கு வந்தபோது, இதைச் சாப்பாட்டின் நடுவே சொல்லிவிட்டேன். ஒன்றைத் தெரிந்துகொண்டால் அதைச் சரிபார்க்காமல் என்னால் இருக்க முடியாது. அப்பா ரசத்தைப் பார்த்துக்கொண்டு, "போகும், போகும். மணலு போகும்" என்றார். அம்மா அவரைப் பார்த்தார். மறுநாள் காலை, பொங்கல் விடுமுறையில் மாமல்லபுரம் போகிறோம் என்று அறிவித்துவிட்டார்.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் தங்கவயலின் இன்னொரு பகுதியான பாலகாட்டில் வளர்ந்தவர்; ராபர்ட்சன்பேட்டையில் ஒரு நர்சரிப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார். அவரைப் பெண் பார்க்க வந்தபோது, சர்ச்சுக்குப் பின்னாலிருந்த வேப்பமரத்தடியில் இருவரையும் பத்து நிமிடம் பேச விட்டிருக்கிறார்கள். அப்பா அந்தப் பத்து நிமிடமும் கடலைப் பற்றிப் பேசியிருக்கிறார். அம்மா இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார்: "ஷாப்டுல எறங்கறவங்க வந்தா லெவலு, கேஜு, ஓவர்டைமுன்னுதான் பேசுவாங்க. இவரு மட்டும் கடலு தள்ளும்னாரு. சரி, இவர கட்டிக்கலாம்னு தோணிச்சி." கல்யாணத்துக்குப் பிறகு, நான் நின்ற இடத்துக்கே உன்னைக் கூட்டிப் போய்க் காட்டுகிறேன் என்று அன்றே அப்பா வாக்குக் கொடுத்தார். அதற்கு இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சுரங்கம் மூடியது, அப்பா பெங்களூரில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் சேர்ந்து தினமும் காலை ரயிலில் போய் வருகிறார். ஒவ்வொரு ஆண்டும் ஒரு காரணம் இருந்தது. லீவு கிடைக்கவில்லை, புயல் என்றார்கள், எனக்குப் பரீட்சை. இந்த முறை அம்மாவே லாட்ஜுக்குப் போன் செய்து அறை சொல்லிவிட்டதால், காரணத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு, அப்பாவின் பழைய ஷிப்ட் நண்பர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் எங்களுக்கு அடுத்த வரிசையில் இருப்பவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். ஓய்வூதியப் படிவம் ஒன்றை நிரப்பித் தரச் சொல்லி வந்திருந்தார். அப்பா வேலையிலிருந்து திரும்பவில்லை. அம்மா கடைக்குப் போயிருந்தார். நான் அவர் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"கடலுக்குப் போறீங்களாமே பாப்பா. உங்கப்பன் இந்தத் தபாவாவது கால நனைப்பானா?"

"அப்பாதான் ஏற்கெனவே போயிருக்காரே மாமா."

"போனான், யாரு இல்லன்னா? பஸ்ஸுல எங்க கூடத்தான் வந்தான். வந்து மரத்தடியிலேயே உக்காந்துக்கினு இருந்தான், கோழி அடைகாக்கற மாதிரி."

பேனாவைக் கீழே வைத்தேன். அவர் சொன்னதை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒரு டோக்கன் உண்டு. எண் பொறித்த பித்தளை வில்லை. ஆட்களை இறக்கும் கூண்டான கேஜில் ஏறும் முன் அதைக் கொடுத்துவிட்டு இறங்குவார்கள். மேலே வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஷிப்ட் முடிந்த பிறகும் ஒரு டோக்கன் வாங்கப்படாமல் இருந்தால், ஒருவன் இன்னும் கீழே இருக்கிறான் என்று பொருள். டோக்கன் வைத்திருப்பவன் கடைசி ஆள் வரும்வரை இடத்தைவிட்டு எழக்கூடாது. அன்று கடற்கரையில் இறங்கியதும், அவர்களுடைய மேஸ்திரி இந்தச் சட்டத்தைக் கடலுக்கும் போட்டுவிட்டார். நீச்சல் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்து எண் எழுதி ஆளுக்கு ஒன்று கொடுத்து, அதை ஒப்படைத்துவிட்டுத்தான் தண்ணீரில் கால் வைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். எல்லோரிலும் இளையவன் என்பதால் அட்டைகளை வாங்கி வைக்கும் வேலை அப்பாவுக்கு.

"ஆனா, நீங்கள்லாம் சாப்பிடறப்ப அப்பா போய்ட்டு வந்தாராமே" என்றேன். அப்பா அப்படித்தான் சொல்லுவார்.

"நாங்க எல்லாரும் ஒண்ணா எங்க சாப்ட்டோம்? அஞ்சு பேரு சாப்ட்டா பத்து பேரு தண்ணில. கடைசியா கரையேறினது நானு. அதுக்குள்ள டிரைவரு ஹார்ன் அடிச்சி அடிச்சி உயிர எடுத்துட்டான். என் அட்டை அவன் கையில கீது. நான் தண்ணில கீறேன். உங்கப்பன் எப்டி எழுந்திருப்பான்? ஷாப்டுல வேல செஞ்சவன் எவனும் எழுந்திருக்க மாட்டான் பாப்பா."

மறுக்க முடியாத தர்க்கம் அது. என் முகத்தைப் பார்த்து அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"இன்னா, போனேன்னு சொல்லிக்கினு கீறானா?"

"அன்னிக்கி பஸ்ஸுல நீங்க யாராவது கேட்டிருப்பீங்களா மாமா? நீ போனியான்னு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கேட்டேன். நான்தான் கேட்டேன். அடடே, நீ போவவே இல்லியேன்னேன். அதெல்லாம் போய்ட்டு வந்துட்டேண்ணான்னான். சரின்னு உட்டுட்டேன். எல்லாரும் ஈரத்துல நடுங்கிக்கினு இருந்தோம்."

நனைந்து திரும்பியவர்களின் மகிழ்ச்சி கெட்டுவிடக் கூடாது என்று அந்தப் பஸ்ஸில் ஒரு சொல் சொல்லியிருக்கிறார். பிறகு அந்தச் சொல்லை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோயிருக்கிறார். அதன் மேல் ஒரு கல்யாணம் நடந்துவிட்டது.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க மாமா."

"நான் ஏன் சொல்லப் போறேன். நீ படிவத்த முடி" என்றார். போகும்போது வாசலில் நின்று, "தெரிஞ்சாலும் உங்கம்மா இன்னா பண்ணப் போவுது, இத்தினி வருஷத்துக்கு அப்பால" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனார்.

என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. பொய்யைப் பற்றி அம்மாவுக்கு இருக்கும் கருத்தை நர்சரிப் பிள்ளைகளும் அறிவார்கள். அதனால் நாங்கள் மூவரும் பஸ் ஏறியபோது எனக்கு இருந்த கவலை ஒன்றுதான்: அப்பா அம்மாவின் முன் பொய்யராக நிற்க நேரக் கூடாது. அந்த ஊரில் கால் வைத்த கணத்திலிருந்து அவர் சொன்ன ஒவ்வொன்றும் சோதிக்கப்படும். சோதிப்பதையே பழக்கமாகக் கொண்ட நான், இந்த முறை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

பஸ் பேத்தமங்களாவைத் தாண்டும்போது அம்மா ஏரியைக் காட்டி, "இத மாதிரி பத்தா?" என்று கேட்டார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி, "பத்துக்கும் மேல" என்றார். வேலூரில் மாறி, காஞ்சிபுரத்தில் மாறி, செங்கல்பட்டில் மாறி, பிற்பகலில் போய்ச் சேர்ந்தோம்.

பழைய கடற்கரை ஊர் ஒன்றுக்கு மக்கள் ஏன் இப்படிப் போகிறார்கள் என்ற கேள்வியை நான் பையிலேயே வைத்துக்கொண்டு போயிருந்தேன். பஸ் நிலையத்திலிருந்து நடக்கும்போதே விடையின் ஒரு பகுதி கிடைத்தது. அந்த ஊர் பார்க்கப்படுவதற்குப் பழகிய ஊர். சிற்பக் கூடங்களில் உளிச்சத்தம் ஓயவில்லை. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். வறுத்த மீன் கடைகளுக்கும் பல நூற்றாண்டுப் பாறைகளுக்கும் நடுவே பத்தடி தூரம்தான். இரண்டுக்கும் அதில் சங்கடம் இருப்பதாகத் தெரியவில்லை. எங்கள் ஊரைப் பார்க்கவும் சிலர் வருவதுண்டு. ஷாப்டின் மேலிருக்கும் இரும்புச் சட்டத்தைச் சாலையிலிருந்து படமெடுத்துக்கொண்டு, தங்கம் பிரித்த கழிவுமண் குவிந்த சயனைடு மேடுகளின் மேல் ஏறி நின்று இன்னொரு படமெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். உண்மையில் பார்க்க வேண்டியதெல்லாம் கீழே இருக்கிறது. பம்புகள் நின்ற பிறகு அங்கே தண்ணீர் நிறைந்துவிட்டது. அப்பா இருபது வயதில் நடந்த லெவல்களில், அந்த அடுக்கடுக்கான சுரங்கப் பாதைகளில், இப்போது யாரும் நடக்க முடியாது.

பாறைச் சரிவில் எந்த நேரமும் உருண்டுவிடும்போல நிற்கும் பெரிய உருண்டைக் கல்லிடம் முதலில் போனோம். வெண்ணெய் உருண்டை என்று அதற்குப் பெயர். அதன் நிழலில் மக்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதைக் கைகளால் தள்ளுவதுபோல நின்று படமெடுத்துக்கொள்வது அங்கே வழக்கம். அம்மாவும் போய் நின்றார். அப்பா அவருடைய கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்துவிட்டார்.

"இன்னாங்க இது, ஒரு போட்டோ எடுக்க உட மாட்டீங்களா?"

"அடியில நிக்காத. அது எப்ப வரும்னு யாரும் சொல்ல முடியாது."

"ஆயிரம் வருஷமா நிக்குதாம்."

"எங்க ஷாப்டு கூரையும் அப்டித்தான் நின்னுது" என்றார் அப்பா. பிறகு நிழலில் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பத்திடம் போய், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். அவர்கள் அவரைக் காவலாளி என்று நினைத்து எழுந்துபோனார்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் பார்த்தவரையில், இத்தனை பேரில் அந்தக் கல்லை நம்பாத ஒரே மனிதர் அப்பாதான்.

குகைகளில் அவருடைய நடை மாறியது. சிற்பங்களை அவர் அதிகம் பார்க்கவில்லை. சிற்பம் இல்லாத இடங்களைப் பார்த்தார். ஒரு பாறையின் நெற்றியில் சின்னச் சின்னச் சதுரக் குழிகள் ஒரே கோட்டில் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் விரலை விட்டு ஆழம் பார்த்தார். "ஆப்பு அடிச்சி பொளந்துகீறாங்க. லைன் பாரும்மா, ஒரு நூல் பிசகல" என்றார். எங்கள் ஊரிலும் பாறையைத்தான் வெட்டினார்கள். வெட்டியதை மேலே கொண்டுவந்து, பொடியாக்கி, அதில் ஒரு மினுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை மேடாகக் கொட்டினார்கள். இங்கே வெட்டியதைக் கொட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஊரின் மேல் எனக்கு ஏற்பட்ட ஈர்ப்பு, அதன் அழகிலிருந்து வந்ததா, இந்தத் தலைகீழ்க் கணக்கிலிருந்து வந்ததா என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஒரு குகை பாதியில் நின்றிருந்தது. இரண்டு தூண்களுக்குத் தொடக்கம் இருந்தது. உள்ளே போக வழி இல்லை. அப்பா அதன் முன் வெகுநேரம் நின்றார்.

"இன்னாத்துக்கு உட்டுட்டாங்களோ" என்றார் அம்மா.

"யாராவது வந்து, நாளைலேர்ந்து வர வேணாம்னு சொல்லியிருப்பாங்க" என்றார் அப்பா. எங்கள் லைன்களில் அந்த வாக்கியத்தைக் கேட்காத வீடு இல்லை.

அன்று மாலை கடற்கரைக் கோயிலுக்குப் போகலாம் என்று அம்மா சொன்னபோது, அப்பா கால் வலிக்கிறது என்றார். அம்மா ஒப்புக்கொண்டார். லாட்ஜின் மொட்டைமாடியிலிருந்து, தென்னைகளின் மேலே, சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. அதுதான் கடல் என்று அப்பா காட்டினார். இருபது பக்கக் கட்டுரையின் பொருளை நான் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான்: இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே, ஒரு முழ நீளம்.

மறுநாள் காலை வெயில் ஏறும் முன் கோயிலுக்குப் போனோம். அப்பா எங்களுக்கு முன்னால் நடந்தார். நந்திகள் இருந்தன, அவர் சொன்னபடியே வரிசையாக, சொன்னபடியே முதுகு தேய்ந்து. "பதினொண்ணு தெரியும், வா காட்டறேன்" என்று, கோயிலைச் சுற்றிக் கடற்கரைக்குப் போகும் வழியில், வேலிக்கு வெளியே ஓரிடத்தில் எங்களை நிறுத்தினார். நான் எண்ணினேன். அங்கிருந்து பதினொன்று தெரிந்தன. இரண்டடி தள்ளி நின்று எண்ணினேன், ஒன்பதுதான். முன்னே போய் எண்ணினேன், பதினான்கு.

பதினொன்று தெரியும் அந்த ஒரு இடத்தில் அப்போது ஒரு மரம் இருந்திருக்க வேண்டும். காலையிலிருந்து பிற்பகல்வரை ஓர் இளைஞர், மடியில் அட்டைத் துண்டுகளுடன், எண்ணுவதற்கு வேறு எதுவும் இல்லாமல் அந்த முதுகுகளை எண்ணிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறார். அவர் சொன்னதில் எது கண்டது, எது கேட்டது என்று அந்த இடத்தில் நின்றபோது எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. நந்திகள் அவருடையவை. கடல் மற்றவர்களுடையது.

கடற்கரை இன்னும் நூறடி தள்ளி இருந்தது. ஆழத்துக்குப் போகக் கூடாது என்ற எச்சரிக்கைப் பலகைக்கு இப்பால், முழங்கால் தண்ணீரில் ஒரு கூட்டம் நின்றிருந்தது. அம்மா செருப்பைக் கழற்றினார். அப்பா எங்கள் பைகளைத் தோளிலிருந்து இறக்கி மணலில் வைத்து, அவற்றின் பக்கத்தில் உட்காரப் போனார்.

"இன்னா உக்காரறீங்க?"

"பைய பாத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான்தான் பாத்துட்டேனே."

"காட்டறேன்னுதானே சொன்னீங்க. பாலகாட்டுல சொன்னது. நீங்க மொதல்ல நில்லுங்க, எங்க நின்னீங்களோ அங்கியே. அப்பறம் நான் வரேன்."

அப்பா பாதி உட்கார்ந்த நிலையில் இருந்தார். தண்ணீரைப் பார்த்தார், பையைப் பார்த்தார். அவருடைய முகத்தில், சொல்ல வந்ததை நாக்கில் வைத்துக்கொண்டு நிற்கும் மாணவர்களிடம் நான் பார்த்திருக்கிற ஒரு தோற்றம் இருந்தது. இன்னும் ஒரு நொடி போனால் அவர் ஏதாவது சொல்லிவிடுவார்; அது இன்னொரு காரணமாகவோ உண்மையாகவோ இருக்கும்; இரண்டையும் அந்த நொடியில் கேட்க எனக்குத் துணிவில்லை.

நான் போய்ப் பைகளின் பக்கத்தில் உட்கார்ந்து, அவரைப் பார்த்துக் கையை நீட்டினேன்.

"டோக்கனக் குடுங்கப்பா. நான் வெச்சிக்கறேன்."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அம்மாவுக்கு விவரம் தெரியாது. ஆனால் ஷாப்டைச் சுற்றி வளர்ந்தவர் என்பதால் முறை தெரியும். "எனக்கும் ஒண்ணா?" என்று கேட்டு, கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவிக் கொடுத்தார். இரண்டு பேர் இறங்குகிறார்கள். இரண்டு டோக்கன்கள் என்னிடம் இருக்கின்றன. விரல்களை மூடிக்கொண்டேன்.

அப்பா பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு முன்னால் போனார். முதல் அலை கணுக்காலைத் தொட்டபோது நின்றார். இரண்டாவது அலை முழங்காலுக்கு வந்தது. அவர் மார்பை முன்னே கொடுத்து, தள்ளப்படுவதற்குத் தயாராக நின்றார். தள்ளவில்லை. அவ்வளவு குறைந்த தண்ணீருக்கு ஆளைத் தள்ளும் பலம் இல்லை. பிறகு அலை திரும்பியது.

அப்போது அவர் செய்ததை நான் பார்த்தேன். அவர் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார்.

அங்கே காலை வெயில் பரவிய வெறும் வானம்தான் இருந்தது. கடலில் நின்ற அத்தனை பேரும், மணல் போகும்போது குனிந்து காலைப் பார்த்தார்கள். அப்பா ஒருவர் மட்டும் மேலே பார்த்தார். தரைக்கு அடியில் வேலை செய்தவர்களுக்குக் காலடி அசைந்தால் அடுத்து வருவது தலைக்கு மேலிருந்துதான். மேலே பார்த்தபடியே ஒரு கையால் அம்மாவின் தோளைப் பிடித்துக் கரைப்பக்கம் தள்ளினார். அம்மா தடுமாறி, அவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்பாவின் வாய் அசைந்தது. அலைச்சத்தத்தில் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்காததை நான் எழுதக் கூடாது. அம்மா பதில் சொன்னார். அப்பா இன்னும் ஏதோ சொன்னார், கொஞ்சம் நீளமாக. அடுத்த அலை வந்து போயிற்று. இந்த முறை இருவரும் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்தார்கள்.

வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். அம்மாவின் புடவை இடுப்புவரை நனைந்திருந்தது. கையை நீட்டினார், ஊசியைக் கொடுத்தேன். அப்பாவிடம் கடிகாரத்தைக் கொடுத்தேன்.

"உங்கப்பாவுக்குக் கடலு புதுசாம்" என்றார் அம்மா, கொண்டையைச் சொருகிக்கொண்டே.

அப்பா கடிகாரத்தைக் கட்டுவதில் கவனமாக இருந்தார். "புதுசுதான்" என்றார்.

"எனக்கு எப்பவோ சந்தேகம்."

"எப்பத்திலேர்ந்து?"

"நாலஞ்சி கிறிஸ்துமஸ் தாண்டினதுமே. ஒரு தபா பாத்தவங்க, சொல்ற ஒவ்வொரு தபாவும் மாத்திச் சொல்லுவாங்க. ஒண்ணு மறந்துபூடும், ஒண்ணு புதுசா ஞாபகம் வரும். நீங்க வேதபாடம் ஒப்பிக்கற மாதிரி அதே நாலு வரிய சொல்லிக்கினு இருந்தீங்க. எங்க கிளாஸ் பசங்களே அத்தவிட நல்லா பொய் சொல்லுவாங்க."

அப்பா சிரிக்கவில்லை. "ஏன் கேக்கல?" என்றார்.

"இட்டுக்கினு போயி காட்டறேன்னு சொன்னீங்களே. காட்டறப்ப பாத்துக்கலாம்னு இருந்தேன். இருவத்தி நாலு வருஷம் இழுத்தடிப்பீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்றார். புடவைத் தலைப்பைப் பிழிந்தபடியே, "கோவம்தான். பஸ்ஸுல போறப்ப பேசிக்கறேன். இப்ப காப்பி வாங்கிக் குடுங்க" என்றார்.

நான் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லும் மாறாதது என்பதால் சான்று என்று நான் எடுத்துக்கொண்டதையே, ஒரு சொல்லும் மாறாதது என்பதால் பொய் என்று அம்மா கண்டிருக்கிறார். அவர் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. வரைதான்.

காப்பி வாங்க இரண்டடி போன அப்பா திரும்பி வந்தார்.

"நீ போவலியா?"

"பரவால்லப்பா. நான் இங்க இருந்தே பாத்துட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று எனக்கு உறைத்தது. அப்பாவுக்கும் உறைத்திருக்க வேண்டும். அவர் மணலில் உட்காரவில்லை. என் முன்னால் நின்று, நான் நீட்டியதைப் போலவே கையை நீட்டினார்.

என்னிடம் கடிகாரம் இல்லை. கொண்டை ஊசியும் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். மைனஸ் ஐந்து. அது இல்லாவிட்டால் எனக்கு ஐந்தடிக்கு அப்பால் எதுவும் உருவமாக இருக்காது.

அதனால் நெய்தலைப் பற்றி நான் கண்ணால் கண்டு சொல்லக்கூடியது மிகக் குறைவு. நீலமும் சாம்பலும் கலந்த ஏதோ ஒன்று முன்னால் அசைந்துகொண்டிருந்தது. அதற்கு ஓரம் இல்லை, கோடு இல்லை, அலை என்று தனியாக எதுவும் இல்லை. சில்லென்று கால்களைச் சுற்றிக்கொண்டது, பிறகு திரும்பியது. குதிகாலுக்கு அடியிலிருந்து மணல் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு போயிற்று. நின்ற இடத்திலேயே இறங்கினேன். பேராசிரியை சொன்னது சரி.

நான் காலைத்தான் பார்த்தேன். மேலே பார்க்கவில்லை, பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

திரும்பிக் கரையைப் பார்த்தபோது, பழுப்பு மங்கலில் இரண்டு நிறங்கள் தெரிந்தன. ஒன்று அம்மாவின் ஈரப்புடவை, மெல்லக் காப்பிக் கடைப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. மற்றது வெள்ளைச் சட்டை. அது நான் விட்டுவந்த இடத்திலேயே, அசையாமல் நின்றுகொண்டிருந்தது.